பெயர் மோதிரமும் விழுந்துபோன புள்ளிகளும்

கேள்வி: கோவை செல்வபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. அப்பா, சித்தப்பா, இரண்டு தொழிலாளர்கள். கடைகளிலிருந்து தங்கம் வாங்கிக் கூலிக்கு நகை செய்து கொடுக்கிறோம். நான் இயந்திரவியல் டிப்ளமோ முடித்து நான்கு ஆண்டுகள் ஒரு பம்ப் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். கணினியில் வரையத் தெரியும். கடன் வாங்கி ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரம் போட்டு, பெயர் மோதிரமும் பெயர் டாலரும் ஆளுக்கு ஒரு விதமாக, ஆனால் நூற்றுக்கணக்கில் செய்து நேரடியாக விற்க நினைக்கிறேன். எந்த இயந்திரம் வாங்கலாம்? ஒரு நாளைக்கு எத்தனை செய்ய முடியும்? "ஒரே தினுசு ஆயிரம் செய்தால் காசு நிற்கும், ஆயிரம் தினுசு செய்தால் கூலி கட்டாது" என்கிறார் அப்பா. அவர் கணக்கு இந்தக் காலத்துக்கும் பொருந்துமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

இயந்திரத்தை இப்போது வாங்க வேண்டாம். வங்கியில் விண்ணப்பம் கொடுத்திருந்தால் கையெழுத்துப் போடுவதை ஆறு மாதம் தள்ளிவையுங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அதுவரை படித்ததையெல்லாம் "எந்த மாடல்?" என்ற ஒரே கேள்வியோடு படித்திருப்பீர்கள். உங்கள் எண்ணம் தவறு என்று நான் சொல்லவில்லை. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தத் தொழிலில் பிரிண்டருடைய வேலை மிகச் சுலபமான பங்கு. சுலபமான பங்குக்குக் கடன் வாங்கிவிட்டு, கடினமான பங்கைக் கையில் காசில்லாமல் செய்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகள் வார்ப்புப் பட்டறைகளில் இருந்தவன் என்பதால் இதை உரிமையோடு சொல்கிறேன்.

அப்பாவின் கணக்கிலிருந்து தொடங்குவோம். அவர் பாதி சரி. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் வழி தெரியும்.

அவர் கற்ற தொழிலில் ஒரு புதுத் தினுசு என்றால் முதலில் மாஸ்டர், அதாவது மூல மாதிரி, செய்ய வேண்டும். அதற்கு நாள்கணக்கில் கைவேலை. அதை வைத்து ரப்பர் டை (ரப்பர் அச்சு) எடுத்து, டைக்குள் மெழுகைச் செலுத்தி, ஒன்றுபோல் நூறு மெழுகு பீஸ் எடுப்பார்கள். மாஸ்டருக்கு ஆன செலவு நூறாகவோ ஆயிரமாகவோ வகுபடும்போதுதான் கூலி கட்டும். ஒரே ஒரு மோதிரத்துக்கு டை எடுத்தால் அந்த மோதிரமே முழுச் செலவையும் சுமக்கும். அப்பா சொல்வது இதுதான். டை இருக்கும் வரை அதில் பிழையே இல்லை.

ரப்பர் டை வந்ததே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். அதற்கு முன்பு மெழுகு வார்ப்பு பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று. சுவாமிமலையில் இன்றும் அப்படித்தான்: மெழுகில் ஒரு சிலை, அதன்மேல் மண், மெழுகை உருக்கி வடித்துவிட்டு உள்ளே உலோகம், பிறகு மண்ணை உடைத்தால் சிலை. உடைந்த அச்சு திரும்ப உதவாது, ஆகவே அடுத்த சிலை வேறு சிலைதான். இந்த முறை நகைத் தொழிலுக்கு இன்றைய வடிவில் வந்த வழி வேடிக்கையானது. 1907இல் வில்லியம் டேகார்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், சொத்தைப் பல்லில் வைக்கும் தங்கத்தை மெழுகு வார்ப்பில் செய்யும் முறையை அறிமுகப்படுத்தினார். ஒவ்வொரு வாயும் வேறு, ஒவ்வொரு குழியும் வேறு. ஆளுக்கு ஒன்றாகச் செய்யப் பிறந்த முறையை நகைக்காரர்கள் எடுத்துக்கொண்டு, ரப்பர் டையைச் சேர்த்து, ஒரேமாதிரி ஆயிரம் செய்யும் முறையாக்கினார்கள். நீங்கள் வாங்க நினைக்கும் இயந்திரம் அந்த டையைத்தான் நடுவிலிருந்து எடுக்கிறது.

எப்படி என்று பாருங்கள். பிரிண்டரின் அடியில் ஒரு ஒளித்திரை, அதன்மேல் ரெசின் தொட்டி; ரெசின் என்பது ஒளி பட்டால் இறுகும் திரவம். நீங்கள் வரைந்த மோதிரத்தை மென்பொருள் மெல்லிய சீவல்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு சீவலும் ஒரு படம். படம் திரையில் தோன்றும்போது புற ஊதா ஒளி பட்ட இடம் மட்டும் இறுகுகிறது. தட்டு ஒரு சீவல் கனம் மேலே ஏறுகிறது, அடுத்த படம். சீவலின் கனம் 50 மைக்ரான் என்றால், 20 மி.மீ. உயரத்தில் நிற்கும் மோதிரத்துக்கு 400 படங்கள். தட்டில் ஒரே மோதிரம் நின்றாலும் 400 படம்தான், முப்பது நின்றாலும் அதே 400தான். முப்பதும் ஒரே பெயரா, முப்பது வெவ்வேறு பெயரா என்பது திரைக்குத் தெரியாது. வேறுபாட்டுக்கு அது கூலி கேட்பதில்லை. அப்பாவின் கணக்கில் இந்த இடம் மட்டும் காலாவதியாகிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் அச்சடிப்பது மோதிரத்தை அல்ல, எரிந்துபோகப் போகிற ஒன்றை. அச்சடித்த பீஸ் சூளையில் கருகி, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் தங்கம் போகிறது. பல்லுக்குக் கம்பி கட்டுவதற்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் நிறமற்ற உறைகளைப் பார்த்திருப்பீர்கள். 1997இல் அமெரிக்காவில் தொடங்கிய அலைன் நிறுவனம் அவற்றை இப்படித்தான் செய்து பெரிதானது: நோயாளியின் பல் வரிசையை அச்சடித்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி இறக்கி, உறையை வெட்டி எடுத்துக்கொண்டு, அச்சடித்ததை ஒதுக்கிவிடுவார்கள். உலகில் ஆளுக்கு ஒன்றாக, அதே சமயம் மலைமலையாகச் செய்யப்படும் பொருள்களில் இதுவும் காதுக்குள் வைக்கும் கேட்புக் கருவியின் உறையும் முன்வரிசையில் நிற்பவை. இரண்டுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அங்கே வாடிக்கையாளர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. பல்லையோ காதையோ அளவெடுத்தால் வடிவம் தானாக வந்துவிடும். உங்கள் தொழிலில் வடிவம் வருவது ஒருவர் சொல்லும் பெயரிலிருந்து. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் பெயர் டாலர்கள் நாற்பது ஒரே ட்ரீயில், அதாவது ஒரு தண்டில் கிளைகளாகப் பீஸ்களை ஒட்டிய கொத்தில், வார்த்தோம். திரையில் பார்க்க அத்தனை அழகு. ட்ரீயை வெட்டி, அமிலத்தில் கழுவி, மெருகு போடும் உருளையில் இட்டோம். எடுத்தபோது "கார்த்திக்" என்ற டாலர் "காரததிக" என்று வெளியே வந்தது. மூன்று புள்ளிகளும் போய்விட்டன. எழுத்துக்கு மேலே தனியாக நிற்கும் புள்ளியை, முடி போன்ற ஒரு கம்பியால் பக்கத்து எழுத்தோடு நான்தான் பிணைத்திருந்தேன். அது உருளையின் அடிக்குத் தாங்கவில்லை. நாற்பதில் பதினேழு டாலரில் இதே கதை. புள்ளிகளைத் தேடி உருளையின் அடியை அலசிக்கொண்டிருந்த முதலாளியின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அரிசி மணியை விடச் சிறியவை என்றாலும் அவை தங்கம் அல்லவா!

ஆங்கிலக் கூட்டெழுத்தில் பெயர் ஒரே கோடாக ஓடும். புள்ளி என்றால் 'ஐ', 'ஜே' இரண்டுக்குத்தான். தமிழில் மெய்யெழுத்து தோறும் ஒரு புள்ளி மிதக்கிறது, எழுத்துகளும் ஒன்றை ஒன்று தொடுவதில்லை. ஆகவே தமிழ்ப் பெயர் டாலருக்கு எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, உலோகத்துக்கென்று எழுத்தை வரைய வேண்டும். புள்ளியை எழுத்தின் தலையிலேயே உட்கார வைக்கலாம், மேலே ஒரு பட்டை ஓடவிட்டு எல்லாப் புள்ளிகளையும் அதில் தொங்கவிடலாம், அல்லது பின்னால் ஒரு மெல்லிய தகடு கொடுத்துவிடலாம். நான் தகட்டை விரும்புவதில்லை. எடை ஏறும், முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடும். பட்டைதான் அழகு. பட்டைக்குக் கீழே தொங்கும்போது 'ழ', 'ள' எல்லாம் நகைக்கென்றே பிறந்த எழுத்துகள்போல் தெரியும். ஆனால் 'ண'வின் சுழிகளைக் கவனியுங்கள். சிறிய அளவில் அவற்றுக்குள் மெருகு மெழுகு போய் அடைத்துக்கொண்டு, ஊசி வைத்துக் குடைந்தாலும் வராது. எந்தக் கோடும் 0.8 மி.மீ.க்கு மெலியக்கூடாது, எந்தச் சுழியும் ஒரு மி.மீ.க்குக் குறுகக்கூடாது என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி.

மென்பொருளும் உங்களைக் கவிழ்க்கும். நகை வரையும் மென்பொருள்கள் சில தமிழைச் சரியாகக் கோப்பதில்லை. "கொ" என்று தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த வடிவமைப்பாளர் அதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுவார். அச்சகத்தில் இருந்து பழைய பாமினி எழுத்துருவில் பெயர்ப்பட்டியல் வந்தால் அது யூனிகோடில் குப்பையாகத் தெரியும். ஆகவே எழுத்துகளை ஒருமுறை நீங்களே வடிவங்களாக வரைந்து, பெயரைத் தட்டினால் அவை வரிசையாக வந்து கோத்துக்கொள்ளும்படி ஒரு சிறு நிரல் எழுதிவையுங்கள். ரைனோ போன்ற மென்பொருளில் இது முடியும். உங்கள் டிப்ளமோ உண்மையில் பயன்படப்போகும் இடம் இதுதான். ஒவ்வொரு பெயரையும் கையால் வரைந்துகொண்டிருந்தால், டையிலிருந்து தப்பித்த செலவு வடிவமைப்பாளரின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பெயருக்கு அரை மணி என்றால் ஒரு நாளைக்குப் பதினாறு பெயர்தான். பிரிண்டர் ராத்திரி முழுக்கச் சும்மா கிடக்கும்.

அடுத்தது எழுத்துப்பிழை. தொலைபேசியில் ஆர்டர் எடுக்காதீர்கள். "யாழினி" என்பார்கள், எழுதுகிறவர் காதில் "யாளினி" என்று விழும். சண்முகமா ஷண்முகமா, சரவணனா சரவனனா? இரண்டாவதைப் பிழை என்று நீங்கள் திருத்திவிட, "பள்ளிச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது" என்று சண்டைக்கு வருவார்கள். பெயர் அவருடையது, பிழையும் அவருடையது, நாம் திருத்தக்கூடாது. அவரையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அதைப் படமாக்கி அனுப்பி ஒப்புதல் கேட்பது எல்லோரும் செய்வதுதான், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. படம் போன அரை நிமிடத்தில் "ஓகே" வரும். நான் கற்ற உபாயம், படத்தைப் பார்த்துப் பெயரை மறுபடி ஒருமுறை தட்டி அனுப்பச் சொல்வது. இரண்டும் ஒத்துப்போனால்தான் கோப்பு அச்சுக்குப் போகும். கொஞ்சம் முணுமுணுப்பார்கள். ஆனால் அந்த ஒரு படி வந்தபிறகு எங்களுக்குப் பிழைக்காக உருக்கவேண்டி வந்த நகை மிகக் குறைவு.

இனி எதை வாடிக்கையாளர் விருப்பத்துக்கு விடுவது, எதை விடாமல் இருப்பது என்ற கேள்வி. 1987இல் ஜப்பானில் பானசோனிக் குழுமத்தின் சைக்கிள் தொழிற்சாலை ஒன்று, ஆளுக்கு அளவெடுத்துச் சைக்கிள் செய்து கொடுக்கத் தொடங்கியது. சாத்தியமான வகைகள் 1,12,31,862 என்று எண்ணிச் சொன்னார்கள். எண்ணைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் உள்ளே பார்த்தால் பதினெட்டே மாடல்கள், கணக்கிட்டு வைத்த நிறங்கள், அளவுகள். அவற்றைப் பெருக்கினால் கோடி தாண்டுகிறது. வாடிக்கையாளரிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து "எது வேண்டுமானாலும் வரையுங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. கடையில் ஒரு அளவுச் சட்டத்தில் உட்கார வைத்து உடம்பை அளந்து, அந்த எண்களைத் தொழிற்சாலைக்கு ஃபேக்ஸ் செய்தார்கள். அங்கே ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு பார்கோடு ஒட்டி, அது கடைசிவரை கூடவே போனது. சைக்கிளைச் சில மணி நேரத்தில் செய்துவிட முடியும், ஆனாலும் இரண்டு வாரம் கழித்தே கொடுத்தார்கள். தனக்கென்று செய்வதைக் காத்திருந்து வாங்குவதில்தான் மகிழ்ச்சி என்று அந்த விற்பனையாளர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஊரில் பத்தரிடம் தாலி செய்யக் கொடுத்துவிட்டு நாளும் நேரமும் பார்த்துப் போய் வாங்கி வருகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆகவே நீங்களும் மூன்று எழுத்து வடிவம், இரண்டு உயரம், கொக்கிக்கு இரண்டு இடம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர் மட்டும் எல்லையற்றது. பெயரோடு சேர்ந்து இன்னொன்றும் மாறும், அதைச் சட்டையில் பெயர் அச்சடிப்பவர் கவனிக்க வேண்டியதில்லை, நீங்கள் கவனித்தே ஆக வேண்டும்: தங்கத்தின் எடை. 22 காரட் தங்கம் ஒரு கன மி.மீ. ஏறக்குறைய 0.0177 கிராம். வரைபடத்தில் கன அளவைப் பார்த்துப் பெருக்கினால் அச்சடிக்கும் முன்பே எடை தெரிந்துவிடும். "உமா" 60 கன மி.மீ. என்றால் ஒரு கிராமுக்குச் சற்று மேலே. அதே உயரத்தில் "மீனாட்சிசுந்தரம்" நான்கு மடங்குக்குப் போகும். இரண்டையும் ஒரே விலைக்கு விற்றால் மீனாட்சிசுந்தரங்களே உங்களைத் தேடி வருவார்கள். விலையை எடைக்குக் கட்டுங்கள், கூலியை எழுத்து எண்ணிக்கைக்குக் கட்டுங்கள், அன்றைய தங்க விலையில் முன்பணம் வாங்கிய பிறகே கோப்பைத் திறங்கள்.

அப்பா மெழுகு பீஸை நிறுத்துப் பதினெட்டால் பெருக்கித் தங்கத்தின் எடையைச் சொல்லிவிடுவார் அல்லவா? ரெசின் பீஸில் அந்தப் பழக்கம் ஏமாற்றும். ரெசின் மெழுகைவிட அடர்த்தி கூடியது. அதே பதினெட்டால் பெருக்கினால் எடை ஒன்றரைப் பங்கு இல்லாவிட்டாலும் நூற்றுக்குப் பதினைந்துபோல் கூடுதலாகக் காட்டும். அவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தங்கம் எங்கே போனது என்று பட்டறையில் கலகம் வரும்.

மோதிர அளவு சின்ன விஷயம்தான், ஆனால் ஆர்டர் திரும்பி வருவது பெரும்பாலும் இதில்தான். நம் நாட்டு அளவில் உட்சுற்றளவு மி.மீ.யிலிருந்து நாற்பதைக் கழித்தால் எண் வந்துவிடும், 54 மி.மீ. சுற்றளவு 14ஆம் எண். அச்சு, வார்ப்பு, மெருகு எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு இரண்டு சுருங்கினால் 54இல் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல், அதாவது முழுதாக ஓர் எண் போச்சு. சுருக்கம் எவ்வளவு என்று இயந்திரம் விற்பவரைக் கேட்காதீர்கள். அது உங்கள் ரெசின், பீஸைச் சுற்றி அச்சாக ஊற்றும் உங்கள் பவுடர், உங்கள் மெருகு உருளை ஆகியவற்றைப் பொறுத்தது. பத்து மோதிரம் வெள்ளியில் வார்த்து அளந்து ஒத்திகை பாருங்கள், பிறகு இரண்டு மோதிரம் தங்கத்தில் வார்த்து உறுதி செய்யுங்கள்.

இப்போது சூளை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பணத்தை இழப்பது இங்கே. மெழுகு சூட்டில் உருகி ஓடிவிடும். ரெசின் உருகாது. ஒளியில் இறுகிய அது சூடேறும்போது முதலில் பெருக்கும். அந்தப் பெருக்கத்தில் அதைச் சுற்றியுள்ள பவுடர் அச்சு (இன்வெஸ்ட்மென்ட்) விரிசல் விட்டால், தங்கம் அந்த விரிசலுக்குள்ளும் புகுந்து, மோதிரத்தைச் சுற்றி மீன் செதில்போல் ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தாண்டினால் அடுத்து கரி. ரெசின் முழுக்க எரிந்து சாம்பலின்றிப் போக வேண்டும், அதற்குக் காற்று வேண்டும். பட்டறைச் சூளை மெழுகுக்கென்று கட்டியது. கதவை இறுக்கி மூடிவிடுவோம். கரி உள்ளே தங்கிவிட்டால் மேற்பரப்பு கரடுமுரடாவதோடு நிற்பதில்லை. நாம் பயன்படுத்தும் பவுடரில் ஜிப்சம் இருக்கிறது. கரியோடு சேர்ந்து சூடேறினால் ஜிப்சம் சிதைந்து கந்தக வாயுவை விடும். அது தங்கத்துக்குள் குமிழியாக உட்கார்ந்துகொள்ளும். வெளியே பளபளவென்று இருக்கும் மோதிரம், மெருகு போட்ட மறு நிமிடம் ஊசிக் கண்களாகத் திறந்துகொள்ளும். மெருகுக்காரர் "கேஸ்டிங் சரியில்லை" என்பார், கேஸ்டிங்காரர் "கேம் பீஸ் (கணினியில் வரைந்து அச்சடித்த பீஸ்) சரியில்லை" என்பார், பீஸ் கொடுத்தவர் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

மருந்து உண்டு. பீஸை ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, முழுக்க உலர்த்தி, மறுபடி ஒளியில் காட்டி இறுக்குங்கள். பிசுபிசுப்பு இருந்தால் அச்சின் உட்புறமே கெட்டுவிடும். ரெசினுக்கென்று வரும் வலுவான பவுடரை வாங்குங்கள், விலை கூடுதல்தான். சூட்டை மெதுவாக ஏற்றுங்கள், 730 டிகிரிக்கு மேலே போகாதீர்கள், உச்சத்தில் சில மணி நேரம் காற்றோட்டத்தோடு நிறுத்துங்கள். தடித்த பீஸ்களை நடுவில் குடைந்து வரையுங்கள், எரிய வேண்டியது குறையும். மெழுகையே அச்சடிக்கும் இயந்திரங்களும் உண்டு. அவற்றில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, மெழுகுபோலவே உருகி ஓடிவிடும். ஆனால் அவற்றின் விலையைக் கேட்டால் நீங்கள் எனக்கு இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டீர்கள்.

நாற்பது பெயரும் ஒரே ட்ரீயில் நிற்கும்போது எது யாருடையது என்ற கேள்வி வேறு இருக்கிறது. பெயரே அடையாளம்தானே என்று தோன்றும். ஒரு நாள் மூன்று கவிதாக்கள் வருவார்கள், மூவருக்கும் வேறு வேறு எடை. ட்ரீயில் எந்த அடுக்கில் எத்தனையாவது என்று ஒரு தாளில் குறித்து, வெட்டியதும் ஒவ்வொன்றையும் எண் எழுதிய சிறு டப்பாவில் போடுங்கள். மெருகுக்கு டப்பாவோடு போகட்டும், டப்பாவோடு வரட்டும். ஹால்மார்க் மையத்தில் பார்த்திருப்பீர்கள், 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகை விற்க ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளம் வேண்டும். லேசரால் நகைக்கு நகை வேறு எண்ணைப் பொறித்துத் தள்ளுகிறார்கள். ஆளுக்கு ஒன்றாக, கோடிக்கணக்கில்! நீங்கள் செய்ய நினைப்பதை அந்த மையத்து லேசர் ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறது. அந்த எண்ணையும் உங்கள் ஆர்டர் எண்ணோடு இணைத்து எழுதிவையுங்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை என்று விலக்கு இருக்கிறது, பெயர் டாலர் பல அதற்குள் வந்துவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவற்றுக்கும் போட்டுவிடுவேன். கடைப் பெயர் இல்லாமல் வீட்டிலிருந்து விற்கிறவனிடம் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேட்டிருந்தீர்கள். பிரிண்டரைப் பார்த்துக் கேட்டால் ஒரு ராத்திரிக்கு ஒரு தட்டு நிறைய என்று பதில். உங்கள் சித்தப்பாவைப் பார்த்துக் கேளுங்கள். ஒரே தினுசு மோதிரம் இருநூறு கொடுத்தால் ஐந்தாவது மோதிரத்திலேயே அவர் கை பழகிவிடும், கண்ணை மூடிக்கொண்டு அரம் போடுவார். ஒவ்வொன்றும் வேறு பெயர் என்றால் கை பழகவே பழகாது. ஒவ்வொரு சுழியையும் புதிதாகப் பார்த்துப் பார்த்துத்தான் தேய்க்க வேண்டும். எங்கள் பட்டறையில் நல்ல தொழிலாளி ஒருவர் பெயர் டாலர் ஒரு நாளைக்குப் பன்னிரண்டுக்கு மேல் முடித்ததில்லை. உங்களிடம் அரம் பிடிக்கத் தெரிந்தவர் நான்கு பேர். கடைக்காரர்களின் கூலி வேலையை முழுக்க நிறுத்தாமல் இருவரை ஒதுக்கினால் இருபத்து நான்கு. அதுதான் உங்கள் ஒரு நாள் கணக்கு. அப்பாவின் கணக்கில் இன்றும் செல்லுபடியாகும் பாதி இது. டைக்கான செலவு போய்விட்டது, கைக்கான செலவு போகவில்லை, சொல்லப்போனால் கூடிவிட்டது. கூலியை அதற்கேற்ப வையுங்கள். இயந்திரத்தில் வருவதுதானே என்று மலிவாக விற்றால் உழைப்பை விற்றதாகிவிடும்.

உங்களுக்குச் சாதகமானதையும் சொல்ல வேண்டும். பெயர் அச்சடித்த சட்டையை வாடிக்கையாளர் வேண்டாம் என்றுவிட்டால் அது தரை துடைக்கும் துணி. பெயர் மோதிரம் திரும்பி வந்தால் உருக்கிக்கொள்ளலாம்; போனது கூலியும் கொஞ்சம் சேதாரமும்தான். ஆளுக்கு ஒன்றாகச் செய்யும் தொழிலில் இருக்கும் மிகப்பெரிய பயம், வேறு யாருக்கும் விற்க முடியாத சரக்கு தங்கிவிடுமோ என்பது. அந்தப் பயம் தங்கத்தில் மிகக் குறைவு.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது இது. கோவையில் கோப்பைக் கொடுத்தால் பீஸாக அச்சடித்துக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆறு மாதம் அவர்களிடமே கூலிக்கு எடுங்கள். ஒரு பீஸுக்கு அவர்கள் கேட்பது அதிகமாகத் தோன்றும். தட்டில் கெட்டுப்போகிற பீஸுக்கும், மாற்ற வேண்டிய திரைக்கும், தொட்டியின் அடித்தாளுக்கும் சேர்த்துத்தான் அந்த விலை என்று சொந்த இயந்திரம் வாங்கியபிறகு புரியும். அந்த ஆறு மாதத்தில் எழுத்துகளை வரைந்து முடியுங்கள், ஒப்புதல் வாங்கும் முறையைச் சீர் செய்யுங்கள், சூளைக்கு ஒரு காற்றுக் குழாய் வையுங்கள். மாதக் கடைசியில் அச்சுக் கூலியாக நீங்கள் கொடுத்த தொகை, வாங்க நினைக்கும் இயந்திரத்தின் மாதத் தவணையைத் தொடர்ந்து மூன்று மாதம் தாண்டினால் வாங்குங்கள். அப்போது மாடலை என்னிடம் கேட்க வேண்டியிருக்காது. எந்த ரெசின் உங்கள் சூளையில் சுத்தமாக எரிகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், அந்த ரெசினை ஏற்கிற இயந்திரம்தான் உங்கள் இயந்திரம்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனால் அந்தப் பட்டறையில் நிச்சயம் இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய பத்தர்களிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். இன்ன ஊர், இன்ன வீட்டார், அவர்கள் தாலி இப்படி, இத்தனை குண்டு, இத்தனை காசு, நடுவில் இன்ன உரு என்று பென்சிலில் படம் போட்டு வைத்திருப்பார்கள். பேத்தி கல்யாணத்துக்கு வந்து "பாட்டிக்குச் செய்த மாதிரியே" என்று கேட்டால் நோட்டைப் புரட்டிச் செய்து கொடுப்பார்கள். அப்பாவிடம் அப்படி ஒன்று இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக அளவோடு வரைந்து கணினியில் ஏற்றுங்கள். பெயர் டாலரை யார் வேண்டுமானாலும் நாளை செய்யத் தொடங்கலாம், அந்த நோட்டு வேறு யாரிடமும் கிடைக்காது. முதலில் பக்கங்களைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டறை நோட்டுகளில் பென்சில் கோடு எண்ணெய்க் கையிலேயே அழிந்துகொண்டிருக்கும்.